நாற்பத்தெட்டுக் கடைக்கும் ஒரே கூரை

மார்ச் 3

மகளுடைய அப்பா அவர்களுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்கவில்லை, மகள் சொல்லிவிடுகிறாள். எட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன், அதுவும் சொந்த விஷயமில்லை, வேலை விஷயம். உங்கள் போன் நம்பரும் என்னிடம் இருக்கிறது. ஆனால் போனில் நமக்கு இரண்டாவது நிமிஷமே சண்டை வந்துவிடும். கடிதத்தில் சண்டை போய்ச் சேரப் பத்து நாள் ஆகும், அதற்குள் ஆறிவிடும்.

எங்கள் மார்க்கெட் கொட்டகை இடிந்து விழுகிற நிலைமை. ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையை நகராட்சி எங்கள் சங்கத்துக்கு ஒதுக்கியிருக்கிறது. நாற்பத்தெட்டுக் கடை கட்டிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை. அடுத்த ஜனவரி முப்பத்தொன்றுக்குள் கடை திறந்து வியாபாரம் நடக்க வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் மனை திரும்பப் போய்விடும். ஒரு பஸ் கம்பெனி அதன் மேல் கண் வைத்துக் காத்திருக்கிறது. பழைய கொட்டகையைப் பிப்ரவரியில் இடிக்கப்போகிறார்கள். தேதி தப்பினால் நாற்பத்தெட்டுக் குடும்பமும் தெருவில்.

இதற்குப் போட்ட கமிட்டிக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். பாசத்தால் இல்லை. வேறு யாரும் தலையைக் கொடுக்க வரவில்லை. "எலுமிச்சங்காய்க்காரம்மாதான் சரியான ஆள். ஒரு ஆணி வாங்கறதுக்கே பத்துக் கடை ஏறி இறங்கும்" என்றார் வெங்காய மண்டிக்காரர். ஜெயித்தால் அவர் சிபாரிசு, தோற்றால் என் தலை. அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா?

எனக்கு எலுமிச்சை வாங்கத் தெரியும். கட்டடம் எப்படி வாங்குவது? சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிடு என்கிறார் ஒருவர். சாமானை நாமே வாங்கிக் கூலிக்கு மட்டும் ஆள் விடலாம் என்கிறார் இன்னொருவர். ஒரே ஆளிடம் விட்டுவிட்டுக் கடைசியில் சாவியை வாங்கிக்கொள் என்கிறார் மூன்றாமவர். நீங்கள் இருபத்தைந்து வருஷமாக டெண்டர் காகிதத்தோடு குடித்தனம் நடத்துகிறவர். வழி எது என்று எழுதுங்கள். புத்திமதி வேண்டாம், வழி மட்டும்.

வீடு அப்படியே இருக்கிறது. மாடி இல்லாத மாடிப்படியில் துணி காயப்போடுகிறேன். வேறு உபயோகம் அதற்கு இல்லை.

இப்படிக்கு,
எலுமிச்சை மண்டி உரிமையாளர்


மார்ச் 16

மகளின் அம்மாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துபோனேன். கொட்டகைக்குத்தான் என்று தெரிந்ததும் மூச்சு வந்தது.

இங்கே அணை வேலை. தகரக் கொட்டகையில் வாசம். என் மேஜையின் மேல்தான் அரிசி மூட்டை இருக்கிறது; அதன் மேல் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நீ தோப்பு எடுப்பதை நினைத்துக்கொள். மரத்தில் காய் இருக்கும்போதே முழுத் தோப்பையும் ஒரு விலை பேசி எடுப்பாய். பறித்தபின் எடை போட்டும் எடுப்பாய். சில நேரம் நீயே ஆள் வைத்துப் பறித்துக்கொள்வாய். எல்லாம் வாங்குவதுதான். அழுகல் யார் தலையில் விழும் என்பது மட்டும்தான் வித்தியாசம். கட்டடத்திலும் அதே கேள்விதான்.

முழு வரைபடமும் முடித்து, நாலு பேரிடம் காட்டி விலை கேட்பது பழைய வழி. விலை தெளிவாக இருக்கும், ஆனால் ஒழுங்காக வரைந்து முடிக்கவே உனக்கு ஐந்தாறு மாசம் போய்விடும். வரைவதையும் கட்டுவதையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் வேகமாக முடியும். ஆனால் என்ன வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நடுவில் மனசு மாறினால் அவன் கேட்டதுதான் விலை. அதுவும் வேண்டாம், கொத்தனார், தச்சர், இரும்பு வேலைக்காரர் என்று தனித்தனியாகப் பிடித்து நீயே மேய்க்கிறாயா, மேய்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அழுகல் முழுக்க உன் தலையில்.

எந்த வழி நல்லது என்று கேட்காதே. எதை இழக்கவே முடியாது என்று கேள். உனக்கு அது தேதி. அடுத்து, மனசு மாறப்போகிறவர்கள் யார் என்று கேள். அதற்குப் பதில் உனக்கே தெரியும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். விலை வந்தபிறகு அடித்துக் குறைக்காதே. உங்கள் மார்க்கெட் பழக்கம் எனக்குத் தெரியும். விலை பேசி முடித்து, கை கொடுத்து, மூட்டை இறங்கும்போது "பத்துக்கு ஒண்ணு கழிவு" என்று கடைசியாக ஒரு வெட்டு வெட்டுவீர்கள். காய்க்கு அது செல்லும். கட்டடத்தில் வெட்டினது சுவருக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

மாடிப்படி பற்றி எழுதியதைப் படித்தேன்.

இப்படிக்கு,
மகளின் அப்பா


ஏப்ரல் 24

மகளுடைய அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கமிட்டியில் வாசித்தேன், கடைசி வரியைத் தவிர. "வெளியூர்ல உக்காந்து எழுதறவருக்கு நம்ம அவசரம் தெரியுமா? மலிவா எவன் தர்றானோ அவனுக்குக் குடுத்துட்டுப் போங்க" என்றார் வெங்காயக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். பத்து நாளில் ஒரு வரைபடம் போட்டோம். தூணும் கூரையும் இருக்கிறது, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆறு பேர் விலை கொடுத்தார்கள். கடைசியில் நின்றவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர். சிரிப்புக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டோம். இன்னொருவர் இரும்புத் தூண் நிறுத்திக் குடோன் கட்டுகிற கம்பிக்காரர். உலகத்தோடு காலையில்தான் சண்டை போட்டுவிட்டு வந்த முகம். விலையும் அதிகம்.

சொன்னால் திட்டுவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். கை அரித்தது. இரண்டு பேரிடமும் பத்துக்கு ஒன்று குறைக்கச் சொன்னேன். கம்பிக்காரர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "விலையைக் குறைக்கணும்னா கூரையைக் குறைங்கம்மா. எத்தனை கடை நனைஞ்சாப் பரவாயில்லைன்னு சொல்லுங்க, அதுக்குத் தக்க விலை தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

சிரிப்புக்காரரோ, "அக்கா கேட்டு இல்லேன்னு சொல்வேனா? பத்துக்கு ஒண்ணு என்ன, எட்டுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க!" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். கமிட்டியே கைதட்டியது. வெங்காயக்காரர் என்னைப் பார்த்து, "பேரம்னா இது பேரம்!" என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயால் இப்படி ஒரு வார்த்தை வாங்கினதில்லை.

மே பதினெட்டு கையெழுத்து. உங்கள் யோசனையில் பாதி கேட்டேன், பாதி கேட்கவில்லை. அந்தப் பாதிக்கு நன்றி.

இப்படிக்கு,
மண்டி


மே 4

மகளின் அம்மாவுக்கு,

அவசரம். நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

அரைகுறை வரைபடம், அதன் மேல் எல்லோரையும் விடக் குறைந்த விலை, அதற்கும் மேல் எட்டில் ஒரு வெட்டு. இந்த மூன்றும் சேர்ந்து எழும்பிய கட்டடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இடுப்பு உயரம் வரைக்கும். உன் வரைபடத்தில் இல்லாத ஒவ்வொரு கோடும் அந்த ஆளுக்கு வருமானம். சாக்கடை எங்கே என்று நீ கேட்கப்போகும் நாளுக்காக அவர் காத்திருப்பார், சிரித்துக்கொண்டே.

செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தவர். போடாதவனுக்குத்தான் எட்டும் ஒன்று, பத்தும் ஒன்று.

நான் சொல்லி நீ கேட்க வேண்டாம். நீயே பார். சிரிப்புக்காரர் இப்போது எங்கே கட்டுகிறார் என்று விசாரித்து, அவரிடம் சொல்லாமல் போ. வேலை நாளில், காலை பத்து மணிக்குப் போ. அந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தாலும் பொய் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
மகளின் அப்பா


மே 22

மகளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பதினாலாம் தேதி வந்தது. மறுநாளே பஸ் பிடித்துப் போனேன். நாலு மாடி விடுதியாம், இரண்டு மாடி நிற்கிறது. காவல்காரரும் நாயும் ஒரே சாக்கில் படுத்திருந்தார்கள்.

"வேலையாளுங்க எங்கே?" என்றேன்.

"இன்னொரு சைட்ல இருக்காங்கம்மா."

"அங்கே போய்க் கேட்டா?"

"இங்கே இருக்காங்கன்னு சொல்வாங்க."

சிமென்ட் மூட்டைகள் மூலையில் அடுக்கியிருந்தன. எலுமிச்சையை அமுக்கிப் பார்க்கிற கட்டைவிரலால் ஒன்றை அமுக்கினேன். கல். பக்கத்தை அமுக்கினேன். அதுவும் கல். விடுதிக்குச் சொந்தக்காரர் எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷமாச்சும்மா. கேட்டாச் சிரிக்கறார், என்ன பண்றது, நானும் சிரிக்கறேன்" என்றார். அவர் கண்ணைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து யோசித்தேன். எனக்குத் தேதி முக்கியம், அதனால் எல்லாம் ஒரே கையில் போக வேண்டும். ஆனால் நாற்பத்தெட்டு வியாபாரிக்கு நாற்பத்தெட்டு மனசு. வெங்காயக்காரர் மட்டும் தன் கல்லாவைக் காகிதத்தில் அந்த வாரமே மூன்று தடவை இடம் மாற்றினார். ஒரே கையில் கொடுத்துவிட்டு இவர்கள் மாற்றிக்கொண்டே இருந்தால் நான் தொலைந்தேன்.

அப்போது ஒரு லாரி போயிற்று. பொறி தட்டியது. லாரி வாடகை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பேசுவது. டிரைவர் ஒருவர், நேரம் ஒன்று, வழியில் யாரும் வாய் திறக்கக் கூடாது. உள்ளே அவரவர் கூடை, அவரவர் கட்டு, அவரவர் பொறுப்பு. கட்டடமும் அப்படித்தானே? அஸ்திவாரம், தூண், கூரை, தரை, சாக்கடை, பாதை எல்லாம் ஒரே ஆள், ஒரே விலை, ஒரே தேதி. வரைவதும் அவர், கட்டுவதும் அவர். அதை ஒருத்தரும் தொடக் கூடாது. கடைக்கு உள்ளே அலமாரி, கல்லா, கதவு, வர்ணம் எல்லாம் அவரவர் ஆளை வைத்து அவரவர் செய்துகொள்வது. நூறு தடவை மாற்றட்டும், நஷ்டம் அவருக்கு மட்டும்.

பதினேழாம் தேதி கொட்டகையில் கூட்டம். கூடைகளுக்கு நடுவில் எல்லோரும் நின்றுகொண்டே பேசினோம். "கை தட்டினோமே, அது தப்பு. முதல்ல தப்புப் பண்ணினது நான்" என்று ஆரம்பித்தேன்.

வெங்காயக்காரர் குதித்தார். "எட்டுக்கு ஒண்ணு குறைச்சவரை விட்டுட்டு, ஒத்தைப் பைசா குறைக்காத ஆள் கால்ல போய் விழணுமா? நாம வியாபாரிங்கதானா?"

"அண்ணே, பாதி விலைக்கு ஒருத்தன் வெங்காயம் தர்றேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மூட்டையை அடியில பிரிச்சுப் பார்ப்பேன்."

"நான் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் வந்து நிக்கறேன்."

 பிறகு யாரோ பின்னாலிருந்து, "தேதி தப்பினா?" என்றார்கள்.

"தப்பினா என் ஸ்டேஷன் ரோடு குடோனைக் காலி பண்ணித் தர்றேன். நாப்பத்தெட்டு பேரும் வந்து உக்காருங்க. நான் கூடையை எடுத்துக்கிட்டுத் தெருவுக்குப் போறேன். அங்கேருந்து வந்தவதானே?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. முப்பத்தொரு கை என் பக்கம், பதினாறு கை அந்தப் பக்கம். ஒருவர் மட்டும் கையைத் தூக்கவே இல்லை, வெங்காயக்காரர்தான். எது ஜெயிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் காலையிலேயே கம்பிக்காரர் வீட்டுக்குப் போனேன். என்ன வேண்டும் என்று ஒரே தாளில் பதினோரு வரி எழுதி எடுத்துப் போயிருந்தேன். அரை மணி நேரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி, "யாரும்மா எழுதினது?" என்றார்.

"நான்தான்."

"'லாரி பின்னால எடுக்காம வரணும், பின்னால எடுக்காம போகணும்.' இப்படி ஒரு வரியை எந்த இன்ஜினியரும் எனக்கு எழுதிக் குடுத்ததில்லை."

விலை சொன்னார். அரிக்கிற கையை முந்தானையில் சுற்றிக்கொண்டேன். ஒரு பைசா குறைக்கச் சொல்லவில்லை. ஆயுசில் முதல் தடவை.

இப்படிக்கு,
குடோனைப் பணயம் வைத்தவள்


ஜூன் 8

அன்புள்ள மகளின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை இங்கே நாலு இன்ஜினியர்களுக்கு வாசித்துக் காட்டினேன். நீ போட்ட வழி தனியாக எந்த முறையும் இல்லை. இரண்டைச் சேர்த்துத் தைத்திருக்கிறாய். தையல் எங்கே வர வேண்டுமோ அங்கே சரியாக வந்திருக்கிறது. "யார் சார் இவங்க?" என்றான் ஒருவன். "என் வீட்டில்" என்றேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொன்னேன்.

யோசித்துப் பார்த்தால் கல்யாணமும் ஒரு காண்ட்ராக்ட்தான்.

நம் வீட்டை நான் அப்படித் தைக்கவில்லை. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி ஒரு செங்கல் நகரக் கூடாது என்றேன். நீ பத்தொன்பது மாற்றம் கேட்டாய். ஒவ்வொன்றுக்கும் சண்டை. கடைசியில் மாடியே வேண்டாம் என்று நீ நிறுத்தினாய். நான் பெட்டியைத் தூக்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்தொன்பதையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். பதினாலு சரி. அப்போதே தெரியும். கொத்தனார்கள் முன்னால் இன்ஜினியர் தோற்பதா என்ற திமிர்.

எழுதிவிட்டேன். இனி கிழிக்க முடியாது.

இப்படிக்கு,
மகளின் அப்பா


ஆகஸ்ட் 30

அன்புள்ள மகளின் அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டாம், வேலை அப்படி.

முப்பத்தாறு தூணும் நின்றுவிட்டன. இரும்பெல்லாம் பட்டறையில் அளவு பார்த்து வெட்டித் துளை போட்டே வருகிறது. இங்கே தூக்கி நிறுத்தி முடுக்குவதுதான். நடுவில் மூன்று வாரம் மழை. குழி எல்லாம் குளம். முன்பு மாதிரி இருந்தால் நான் குடத்தோடு இறங்கியிருப்பேன். கம்பிக்காரர் இரண்டு பம்பு கொண்டுவந்து வைத்தார். "அது என் அழுகல்மா, நீங்க போய் வியாபாரத்தைப் பாருங்க" என்றார். உங்கள் பேச்சை அவருக்குச் சொல்லியிருந்தேன். இப்போது அவருடையதாகவே ஆக்கிக்கொண்டார்.

வெங்காயக்காரர் சும்மா இருப்பாரா? "ஒரே ஒரு தூண், ரெண்டே ரெண்டு அடி தள்ளினாப் போதும்" என்று போய் நின்றிருக்கிறார்.

"தாராளமாத் தள்ளலாம். கூடவே மத்த நாப்பத்தேழு கடையும் தள்ளிப்போகும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க" என்றிருக்கிறார் கம்பிக்காரர்.

ஏழாவது கடை வரைக்கும் கேட்டார். அதற்கு மேல் கேட்கிற மாதிரி அவர்கள் பேசவில்லை.

பத்தொன்பது விஷயத்துக்கு இப்போது பதில் எழுத நேரமில்லை. ஆனால் அந்தக் காண்ட்ராக்ட் வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டேன். சதுர அடி ரேட் பேசியா எங்கள் அப்பா என்னை அனுப்பினார்?

இப்படிக்கு,
மகளின் அம்மா


டிசம்பர் 20

அன்புள்ள மகளின் அம்மாவுக்கு,

கூரை ஏறிவிட்டது, கடைக்காரர்கள் உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டார்கள் என்று மகள் எழுதியிருந்தாள். தேதியை நினைத்து நான்தான் தினமும் காலண்டரில் நாள் எண்ணுகிறேன். நீ எண்ண மாட்டாய்.

அணை வேலை பிப்ரவரியோடு முடிகிறது. கம்பெனி இன்னொரு இடத்துக்குக் கூப்பிடுகிறது, மூன்று வருஷம். ஜனவரி கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். காகிதம் மேஜையில் இருக்கிறது, அரிசி மூட்டைக்கு அடியில். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
மகளின் அப்பா


ஜனவரி 13

என்னங்க,

நேற்றுக் காலை திறந்துவிட்டோம்!

தேதிக்குப் பத்தொன்பது நாள் முன்னால். எண்ணிக்கையைப் பாருங்கள், உங்கள் அதே பத்தொன்பது. நகராட்சி அதிகாரி ஒரு கோப்போடு வந்து ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்தார், வியாபாரம் நிஜமாக நடக்கிறதா என்று. நடக்கிறதாவது! அவரைத் தள்ளிக்கொண்டு ஜனம் உள்ளே போயிற்று. பஸ் கம்பெனி ஆளும் வந்திருந்தார். நல்ல மனை போச்சே என்று பெருமூச்சு விட்டு, என்னிடமே ஒரு கூடை எலுமிச்சை வாங்கிக்கொண்டு போனார். பேரம் பேசினார். மனசு குளிர்ந்து குறைத்துக் கொடுத்தேன்.

முதல் லாரி இந்த வாசலில் நுழைந்து அந்த வாசலில் வெளியே போயிற்று. பின்னால் எடுக்கவே இல்லை. டிரைவர் நம்ப முடியாமல் இன்னொரு சுற்றுச் சுற்றி வந்து ஹார்ன் அடித்தார். பின்னால் வந்த லாரிகளும் அடித்தன. கம்பிக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். ஒரே ஒரு தடவைதான். நாற்பத்தெட்டுக் கடையும் அதற்குக் கைதட்டியது.

முடியாத கடை ஒன்றே ஒன்று. யாருடையது என்று சொல்ல வேண்டுமா? கல்லாவை மறுபடியும் மூன்று தடவை மாற்றினார். தார்ப்பாயைக் கட்டிவிட்டு அதற்குள் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார். ஆனால் வருகிறவரிடமெல்லாம், "எலுமிச்சங்காய்க்காரம்மாவைத் தலைவியாப் போட்டது யாரு? நான்!" என்கிறார். சொல்லட்டும். என் குடோன் சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது.

இப்போது அந்தப் பத்தொன்பது. நீங்கள் பதினாலு என்று எழுதினது தப்பு. பதினாறு. நீங்கள் விட்டது சமையலறை ஜன்னலும் மாடிப்படியின் திருப்பமும். ஜன்னல் வழியாகப் புகை எப்படித் திரும்பி வருகிறது என்று எட்டு வருஷமாக எனக்குத் தெரியும்; உங்களுக்கு எப்படித் தெரியும்? வந்து நின்று பார்த்தால்தான் தெரியும். மிச்சம் மூன்று என் வீம்பு. அதையும் எழுதிவிட்டேன், இனி கிழிக்க முடியாது.

அரிசி மூட்டைக்கு அடியில் இருக்கிற காகிதம் உங்கள் இஷ்டம். நான் பேரம் பேசப்போவதில்லை. கை அரிக்கிறது, முந்தானையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

படியில் காயப்போட்ட துணியை எடுத்துவிட்டேன். மார்ச் பத்தாம் தேதி காலை பத்து மணிக்குக் கம்பிக்காரர் மாடிக்கு அளவெடுக்க வருகிறார். தூணும் கூரையும் அவர் பொறுப்பு, ஒரே விலை, ஒரே தேதி. உள்ளே எது எங்கே வரவேண்டும் என்பது நாம் இரண்டு பேரும். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். தேதி தப்பாது.

இப்படிக்கு,
நான்தான்